முத்துத்துறையில் குடியிருத்தல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், வத்திராயிருப்புக்கு அப்பால் பிளவக்கல்லில், பெரியாறு என்றும் கோவிலாறு என்றும் பெயர் பூண்டு இறங்குகின்ற இரண்டு காட்டாறுகள், அணைகளில் சற்றே தங்கி, வயல்களுக்கு ஈந்தது போக எஞ்சிய நீரை அர்ச்சுனா நதிக்குக் கொடுக்கின்றன. அர்ச்சுனா நதி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே வைப்பாற்றுடன் கலக்கிறது. வைப்பாறோ கரிசல் பூமியைக் குறுக்கே கடந்து, விளாத்திகுளத்தைத் தொட்டு, மன்னார் வளைகுடாவில் சங்கமிக்கிறது. சங்கமிக்கிறது என்பது பூகோள சாஸ்திரத்துக்குச் செய்யும் மரியாதைதான். வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் அந்த ஆற்றில் மணலைத் தவிர வேறொன்றும் நடமாடுவதில்லை. ஆயினும் ஐப்பசி கார்த்திகையில் மலை கறுத்துப் பெருவெள்ளம் வருகிறபோது, ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டுச் சருகுகள் சில, முத்துக்குப் பெயர்போன கடலில் போய்ச் சேருவது உண்மை. அந்த ஆறு கடலைச் சேருமிடத்தில் அதன் பெயரையே தாங்கி நிற்கும் வைப்பாறு என்னும் சிற்றூர், வேம்பாறு முதல் மணப்பாடு வரையில் பரதவர் குடியேறி வாழ்ந்த ஏழு கடற்றுறைகளில் ஒன்றாகப் பழைய ஆவணங்களில் எண்ணப்பட்டிருக்கிறது.

மலையடிவாரத்து ஜனங்களாகிய எங்களுக்கும் சமுத்திரத்துக்கும் சம்பந்தம் இந்த ஆற்றோடு முடியவில்லை. 1910-ஆம் வருஷத்தில் இராமநாதபுரம் ஜில்லா புதிதாக வகுக்கப்படும் வரையில், ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் திருநெல்வேலி ஜில்லாவின் தாலுகாக்களாகவே இருந்தன. எங்கள் பாட்டனார் காலத்தில் வரிக்கும் வழக்குக்கும் தென்திசை நோக்கிப் போனவர்கள், பருத்திக்கும் பணத்துக்கும் தூத்துக்குடியை நோக்கிப் போனார்கள். போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பவேயில்லை. பஞ்சுப் பேட்டையில் கணக்கெழுதப் போனவரும், ஆலையில் வேலைக்குப் போனவரும், துறைமுகத்தில் சுமை எண்ணப் போனவரும் அங்கேயே வீடு பிடித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, உத்தியோகம் முடிந்த பிறகும் ஊர் திரும்ப மனமில்லாமல் உப்புக்காற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். அருவியும் மாந்தோப்பும் பால்கோவாவும் உள்ள சீமையை விட்டு, மரநிழல் அரிதான, நல்ல தண்ணீர் அருமையான ஒரு பட்டினத்தில் மனிதன் ஏன் விரும்பிக் குடியிருக்கிறான் என்பது நெடுநாளாக என் மனத்தில் இருந்துவருகிற கேள்வி.

பழம்பெருமை வாய்ந்த துறைமுகம் என்ற பேச்சைக் கேட்டுத் தூத்துக்குடிக்கு யாத்திரை வருகிறவர் முதல் நாளிலேயே ஏமாற்றமடைவார். மாமல்லபுரத்தைப் போல் சிற்பமில்லை. தரங்கம்பாடியைப் போல் கடலோரக் கோட்டையில்லை. மதுரையைப் போல் கோபுரமுமில்லை. சரக்கு லாரிகளும் உப்புக் குவியல்களும் ஐஸ் கட்டி உடைக்கும் சத்தமுமே அவரை வரவேற்கும். இதற்குக் காரணம் அந்த ஊரின் வயது குறைவு என்பதன்று. அந்தக் கடற்கரையில் துறைமுகம் என்பது ஓரிடத்தில் நின்ற வஸ்துவே அன்று. ஆற்று மண்ணுக்கு இடம் கொடுத்துக் கொடுத்து நகர்ந்து வந்த ஒன்று.

கொற்கையிலிருந்து கதையைத் தொடங்க வேண்டும். பாண்டியர்களின் ஆதித் துறைமுகம் அது. கிறிஸ்து சகாப்தத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளில் எழுதிய கிரேக்க மாலுமி ஒருவரின் 'பெரிப்ளுஸ்' என்ற நூல் அதனைக் குறிப்பிட்டு, அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிக்கிறார்கள் என்று கூறுகிறது. தாலமியும் தம் பூகோளத்தில் அந்தப் பெயரை எழுதிவைத்தார். சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்தன என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. பாண்டியன் வீட்டு முத்தென்றால் அது கொற்கைக் கடலின் முத்துத்தான் என்று கொண்டால், தமிழின் மிகப் பிரசித்தமான வழக்கு ஒன்று இந்தத் துறையின் சரக்கினால் தீர்க்கப்பட்டது என்று சொல்லலாம். அத்தகைய கொற்கைக்கு இன்று போகிறவர் வயலையும் குளத்தையும், அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில் என்று நாணயச் சாலையின் ஞாபகத்தைப் பெயரில் வைத்திருக்கும் ஒரு சிறு ஆலயத்தையும் காண்பாரே அல்லாமல், கடலைக் காணமாட்டார். கடல் சில மைல் தூரம் கிழக்கே போய்விட்டது. தாமிரபரணி ஒவ்வொரு வெள்ளத்திலும் கொண்டுவந்து கொட்டிய வண்டல், கரையைச் சிறுகச் சிறுக முன்னே தள்ளி, மரக்கலம் வந்த இடத்தில் நெல் விளையச் செய்துவிட்டது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கால்டுவெல் பாதிரியார் அங்கே தோண்டிப் பார்த்து, புதைந்த தாழிகளைக் கண்டு, பழைய நூல்களில் வரும் பட்டினம் இதுதான் என்று நிறுவினார். 1881-இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலிச் சரித்திர நூல் இந்த இடமாற்றத்தைப் பொறுமையாக விவரிக்கிறது.

கொற்கை வற்றியபோது காயல் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் அவ்வழியே வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிக்கொண்டு வரும் கப்பல்களெல்லாம் காயலில் நங்கூரமிடுவதாக எழுதினார். பாண்டிய நாட்டார் அந்த உயர்ஜாதிக் குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்கள் என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையால் வருஷந்தோறும் குதிரைகள் மாண்டுகொண்டிருந்தன என்றும் அவர் சொல்வதைப் படிக்கும்போது, அரபு வியாபாரிகள் அந்த அறிவைக் கற்றுக்கொடுக்க அவசரப்படாததன் காரணமும் விளங்குகிறது. பிற்பாடு காயலும் வண்டலில் ஒதுங்கியது. இன்னும் கடலை ஒட்டிய புன்னைக்காயல் தலையெடுத்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துக்கீசியர் புன்னைக்காயலை விட்டு வடக்கே தூத்துக்குடியைத் தங்கள் தலைமை இடமாக்கிக் கொண்டனர். தூத்துக்குடிக்கு ஆறில்லை, ஆறில்லாத குறையே அதன் ஆயுளைக் காத்தது. மண்ணைக் கொட்ட நதியும் இல்லை. முயல் தீவும், வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி முதலிய பவளத் திட்டுகளும் பெருங்காற்றை ஓரளவு மறைத்துக் கொள்கின்றன. ஆதலால் அங்கே வாழ்கிறவர் ஒரே நகரத்தில் வாழ்கிறார் என்பது பாதி உண்மைதான். கொற்கையிலும் காயலிலும் புன்னைக்காயலிலும் பயின்ற தொழிலையும் சொல்லையும் கடன்கணக்கையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களின் சந்ததியாரோடு அவர் வாழ்கிறார்.

அந்தத் தொழில்களில் முதன்மையானது முத்துக்குளித்தல். அது ஆண்டுதோறும் நடக்கும் அறுவடை போன்றதன்று. கடலடியில் 'பார்' என்று வழங்கும் பாறைத் திட்டுகளில் சிப்பிகள் பெருகி முதிர்ந்தால் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ குளியல். பிறகு சிப்பி அருகிப் பத்து, இருபது, சமயத்தில் அதற்கும் மேற்பட்ட வருஷங்கள் பார்கள் வெறுமையாகக் கிடக்கும். தொள்ளாயிரம் பார் போன்ற பேர்பெற்ற திட்டுகளைப் பரிசோதித்து, சிப்பியின் வயதையும் மாதிரியாக எடுத்தவற்றின் முத்து மதிப்பையும் கணக்கிட்டு, சர்க்கார் விளம்பரம் செய்தவுடன், பங்குனி சித்திரையில் கரையில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே முளைத்துவிடும். அரபிக்கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளிகாரர்கள் வருவார்கள். பம்பாயிலிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் முத்து வாங்குகிறவர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே சமையற்காரரும் தட்டாரும் வட்டிக்கடைக்காரரும் கள்ளரும் வருவார்கள். விடியுமுன் நிலக்காற்றில் படகுகள் புறப்படும். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் ஒரு காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் கீழே இறங்கி, கைக்கு அகப்பட்டதை வலையில் வாரிப்போட்டுக் கயிற்றை அசைத்தால், படகில் நிற்கும் துணைவன் மேலே இழுப்பான். அந்தக் கயிறு பிடிப்பவன் பெரும்பாலும் குளிப்பவனின் சொந்தக்காரனாகவே இருப்பான்; மச்சான் கையில் உயிரைக் கொடுக்கலாம் என்று அக்கரையில் சொல்லுவது வெறும் உபசாரப் பேச்சு அன்று.

பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் படகுகள் கரையேறும். சிப்பிக் குவியல்கள் பங்கிடப்படும். மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கு அன்று மாலையே ஏலமாகும். திறக்காத சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்று ஈசனுக்குத்தான் தெரியும். ஆயிரம் ஆயிரமாக ஏலம் கேட்பவர்கள் அந்த ஈசனை நம்பித்தான் கேட்டார்கள். வாங்கிய சிப்பிகளை அடைப்புகளில் போட்டு அழுகவைத்து, புழு தின்று சதை கரைந்தபின் அலசி அலசி முத்தைப் பொறுக்குவது வழக்கம். ராணிகளின் கழுத்துக்குப் போகும் பொருளுக்கு முன்னே போகும் நாற்றம் எத்தகையது என்பதை முத்தைப் பாடிய புலவர்கள் எவரும் பாடாதது எனக்கு ஆச்சரியம்.

இந்தத் தொழிலில் என் மனத்தைக் கவர்ந்தவர் வேறொருவர்: சுறாமீனின் வாயைக் கட்டுகிற மந்திரக்காரர். 'கடல்கட்டி' என்பது அவர் உத்தியோகத்தின் பெயர். மார்க்கோ போலோ காலத்திலேயே அவர் இருந்தார்; எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவருக்குச் சேர்ந்தது. பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவாராம். அப்போதுதானே ராத்திரியில் திருட்டுத்தனமாகக் குளிக்க எவனும் துணியமாட்டான்! மந்திரத்தையும் போலீஸையும் ஒரே சம்பளத்தில் அடக்கிய இந்த யோசனை ஒரு வியாபாரியின் மூளையில்தான் உதித்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் கரையின் குளியலைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட், அப்போது அந்தப் பரம்பரைப் பதவியில் இருந்தவர் ரோமன் கத்தோலிக்கர் என்று குறிப்பிடுகிறார். குளிகாரர்களுக்கு அதில் யாதொரு முரண்பாடும் தோன்றவில்லை. சுறா எந்த மதத்தைச் சேர்ந்தது என்று விசாரிக்காத வரையில் மந்திரக்காரரை மட்டும் ஏன் விசாரிக்க வேண்டும்?

சர்க்கார் நடத்திய கடைசிப் பெருங்குளியல் 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன் பிறகு பார்கள் மீளவில்லை. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பிக்குள் கருவைச் செருகி வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். சங்கு குளிப்போர் இன்னும் இருக்கிறார்கள். வங்காளத்துச் சுமங்கலிகளின் கையில் ஏறும் வளைக்கு வேண்டிய சங்கு நெடுங்காலம் இந்தக் கடலிலிருந்தே போயிற்று.

1530-களில் பரதவர்கள் தங்கள் கடலையும் குளியல் உரிமையையும் காத்துக்கொள்ளும் பொருட்டுப் போர்த்துக்கீசியரின் துணையை நாடி, கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றதும், 1542-இல் சவேரியார் வந்து மணற்கரையில் கால்நடையாக ஊர் ஊராகப் போதித்ததும் பலர் எழுதிய கதை, நான் விரிக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுச் செல்ல மனம் வரவில்லை. அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் அழைத்த அந்திரிக்கே அந்திரிக்கஸ், 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு புத்தகம், இந்தியாவில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல். அச்சுச் செலவுக்கு உதவியவர்கள் முத்துக்குளித்துறையின் பரதவர்கள். காகிதத்தையே பார்த்திராத ஓலைத் தேசத்தில், படிப்பாளிகள் என்று பேர் வாங்கிய வகுப்பார் ஒருவருக்கும் தோன்றாத ஒரு செலவை, கடலில் மூச்சடக்கிச் சம்பாதித்தவர்கள் செய்தார்கள். தமிழ் அச்சின் முதல் புரவலர்கள் என்ற பட்டத்தை அவர்களுக்கு நம் இலக்கியச் சரித்திரக்காரர்கள் போதிய சத்தத்துடன் கொடுக்கவில்லை என்பது என் குறை.

1658-இல் டச்சுக்காரர் வந்து போர்த்துக்கீசியரை விரட்டினார்கள்; நெசவூர்களின் துணியை வாங்கி ஏற்றுமதி செய்தார்கள்; மதத்தையும் மாற்ற முயன்று தோற்றார்கள். ஊமைத்துரையின் படை 1801-இல் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வந்து சிலகாலம் தூத்துக்குடியைப் பிடித்து வைத்திருந்தது. 1825-இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் முடிவாக மாறியது. இப்படி எஜமானர்கள் மாறியபோதெல்லாம் ஜனங்கள் பெயரில் ஒன்று, சமையலில் ஒன்று, பேச்சில் ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். பர்னாந்து, ரோச், மச்சாது, மிராந்தா, மோத்தா என்று லிஸ்பன் வீதியில் கூப்பிட வேண்டிய பெயர்களை வைத்துக்கொண்டு, பிள்ளைக்குக் காது குத்தி, தாலி கட்டி, பனிமய மாதாவுக்குத் தேர் இழுக்கிறார்கள். ஆகஸ்டு ஐந்தாம் தேதித் திருவிழாவில் விசேஷ வருஷங்களில் மட்டும் வரும் அந்தப் பொன் தேர், 1806-ல் முதன்முதல் ஓடியது. தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட வருகிறவர்களில் நாடாரும் முஸ்லிமும் பிள்ளைமாரும் இருப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரைப் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்து மனிதருக்கு அங்கே வடத்தைத் தொடுவதில் வித்தியாசமாக ஒன்றும் தோன்றுவதில்லை. முந்திரிப் பருப்பையும் முட்டையின் வெள்ளையையும் சர்க்கரையையும் அடித்துச் சுடும் மக்ரூன் என்ற பண்டத்தைப் பற்றி நானும் ஒரு பாரா எழுதலாம். ஆனால் அதைத் தின்பதைவிட அதைப்பற்றி எழுதுவது இப்போது அதிகமாகிவிட்டது.

எங்கள் சீமை தூத்துக்குடியோடு இறுகப் பிணைந்தது பருத்தியால். விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் என்று பரந்துகிடக்கும் கரிசலில் விளைந்த கருங்கண்ணி, உப்பம் என்னும் பருத்தி வகைகள் 'தின்னவேலி' என்ற வியாபாரப் பெயரோடு மேல்நாட்டுச் சந்தைக்குப் போயின. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்து அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போகாமல் நின்றபோது, இங்கே விலை ஏறியது. எங்கோ அடிமைகளைப் பற்றி எழுந்த சண்டையில் சாத்தூர்ச் சம்சாரி வெள்ளிக் காப்பு வாங்கினான். இரட்டை மாட்டுவண்டிகள் பொதி ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் வரிசையாகப் போகும். மாட்டின் கழுத்துமணிச் சத்தத்தைக் கேட்டு, வண்டிக்காரன் தூங்கியும் மாடுகள் வழிதப்பாமல் முன்வண்டியைத் தொடரும். 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது; பஞ்சு அழுத்தும் பிரஸ்கள் வந்தன; 1880-களில் ஹார்வி சகோதரர்களின் பவள ஆலை வந்தது. அந்த வண்டிகள் வந்து நின்ற கிரேட் காட்டன் ரோடு என்ற வீதி, சர்க்கார் பலகையில் வேறு பெயர் எழுதிய பிறகும் ஊர் வாயில் அந்தப் பெயரோடேயே இருக்கிறது.

இங்கேதான் அந்தத் துறைமுகத்தின் விசித்திரமான குறையொன்றைச் சொல்ல வேண்டும். ஆறு கெடுக்காத அந்தக் கடல், ஆழமற்றது. பெரிய நீராவிக் கப்பல் கரைக்கு வர முடியாது. சில மைல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சுப் பொதியானாலும், அரிசி மூட்டையானாலும், கொழும்புக்குப் போகும் பிரயாணியானாலும், தோணியில் ஏறித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். எஞ்சினியர்கள் இதை ஒரு பெரும் அசௌகரியம் என்று அறிக்கைகளில் எழுதினார்கள். ஆனால் அந்த அசௌகரியத்தில்தான் ஊர் பிழைத்தது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே கிடந்த அந்த ஆழமற்ற சில மைல்களில், தோணி கட்டும் ஓடாவி, பலகை இடுக்கில் எண்ணெய்ப் பஞ்சைத் திணித்து அடைக்கும் கலப்பற்றுக்காரர், பாய் தைப்பவர், தண்டையல், சுமைகாரர், எண்ணிக்கைக் கணக்கர், கமிஷன் ஏஜெண்ட், கடலோரச் சோற்றுக்கடைக்காரர் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஜீவனம் செய்தன. ஒவ்வொரு பொதியும் ஒரு மனிதன் தோளைத் தொடாமல் கடலுக்குப் போகவில்லை. துறைமுகம் என்பது ஊருக்கு வெளியே வேலி போட்ட ஓர் ஆபீஸாக இருக்கவில்லை. கடற்கரைச் சாலையின் மறுபக்கமாக இருந்தது. வெங்காயம் அழுகிய செய்தியும், ரங்கூன் அரிசி வந்த செய்தியும், கொழும்பில் வாந்திபேதி என்ற செய்தியும் காலைக் காப்பிக்கு முன்னே தெருவுக்கு வந்துவிடும். துறைமுகப் பட்டினத்தில் குடியிருப்பதன் ருசி என்று நான் எதையாவது குறிப்பிடுவதானால், தூர தேசங்களை வாசற்படியில் விசாரிக்கக் கிடைக்கும் இந்த வாய்ப்பைத்தான் குறிப்பிடுவேன். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழியாகப் படகு மெயில் ஓடத்தொடங்கும் வரையில், சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து கப்பல் ஏறினார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன எங்கள் பக்கத்து ஏழைகளும், தட்டப்பாறை முகாமில் வைத்துப் பரிசோதிக்கப்பட்டு, இந்த வழியே போனார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குத் தாய்நாடென்று கடைசியாகக் கண்ணில் பட்டது முயல் தீவின் கலங்கரை விளக்கம்.

ஓட்டப்பிடாரத்து வக்கீல் ஒருவர், வெள்ளைக்காரனை எதிர்க்க மேடையைத் தேடாமல் கப்பலைத் தேடியது ஏன் என்பதும் இந்த ஊரில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிவந்து, ஒவ்வொரு மூட்டையின் கூலியும் எந்தக் கம்பெனியின் பெட்டிக்குப் போகிறது என்று அறிந்தவர். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகள். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுப்பதாகச் சொன்னதாம். அந்தக் குடையை வாங்க மறுத்த பிரயாணிகளைப் பற்றி ஊரில் இன்றும் பெருமையோடு பேசுவார்கள். வாங்கிக்கொண்டவர்களைப் பற்றிப் பேசமாட்டார்கள். 1908 பிப்ரவரி இறுதியில் பவள ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆங்கிலேயர் பக்கம் பேசிய ஒரு வக்கீலுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்த நாவிதர் பாதியில் எழுந்து போய்விட்டார் என்ற கதையும் உண்டு. தோணிக்காரன் முதல் நாவிதன் வரையில் ஊர் முழுவதும் ஒரே பிழைப்பில் பின்னிக் கிடந்ததால்தான் ஓர் ஆலையின் சண்டை இப்படி ஊரின் சண்டையாக முடிந்தது. மார்ச் 12-இல் சிதம்பரம் பிள்ளை கைதானார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. கம்பெனி நொடித்தது; அவர் சிறையில் செக்கிழுத்துத் திரும்பி, 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியிலேயே காலமானார். 2018 மே 22-இல், தாமிர உருக்காலையின் புகைக்கு எதிராக அதே ஊர் வீதியில் திரண்டு, துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்ததையும் இந்த வரிசையில் வைத்துத்தான் நான் யோசிக்கிறேன். அந்த ஊரில் வசிக்க விரும்புகிறவர் அதன் காற்றையும் அதன் கோபத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்க் கஷ்டத்தையும் மறைப்பதற்கில்லை. கிணறு வெட்டினால் உப்பு. வானத்தை நம்பினால் வருஷத்தில் இரண்டு மாதம். நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாயில் கொண்டுவரப் பாடுபட்டு, 1927-இல் அதைச் சாதித்தார். ஜன்னல் கம்பியை உப்புக்காற்று அரிக்கும். இரும்பு அலமாரி பத்து வருஷத்தில் பொக்கைவாயாகும். ஆனால் மலையடிவாரத்தில் நெல்லைக் கெடுக்கும் அதே மழைக்குறைவுதான் உப்பளத்துக்கு வரம். குஜராத்துக்கு அடுத்தபடி இந்தியாவில் உப்பு அதிகமாக விளைவது இக்கரையில்தான். எங்கள் ஊரில் மழை பொய்த்ததென்று பஞ்சாயத்தில் புலம்பும் நாளில், அங்கே பாத்திக்காரர் வானம் வெறித்திருக்கிறதென்று மகிழ்ந்துகொண்டிருப்பார். வெயிலில் உப்பு வாரும் பெண்களின் காலைப் பார்த்தவர் அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ளச் சற்றுத் தயங்குவார்.

1974 ஜூலையில் ஊருக்குத் தெற்கே ஆழ்கடல் துறைமுகம் திறக்கப்பட்டது. கற்களைக் கொட்டிக் கட்டிய நீண்ட தடுப்புச் சுவர்களுக்குள் கப்பல் நேராகவே மேடையை அணைந்தது. 2011-இல் அதற்குச் சிதம்பரம் பிள்ளையின் பெயர் சூட்டினார்கள். எஞ்சினியர்களின் பழைய முறையீடு தீர்ந்தது. தீர்ந்ததும், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே வாழ்ந்த தோணிக்காரர்களின் பிழைப்பும் சுருங்கிற்று. இன்று பெட்டகங்களில் என்ன வருகிறது, என்ன போகிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. வாசலில் சீட்டுக் காட்டாமல் உள்ளே போக முடியாது. லாபம் பெருகியிருக்கிறது; அதை நான் மறுக்கவில்லை. இராஜபாளையத்து நூல் ஆலைகளின் சரக்கும் அந்தப் பெட்டகங்களில்தான் போகிறது. ஆனால் துறைமுகம் மறுபடியும் ஒரு முறை நகர்ந்துவிட்டது, இப்போது ஊரைவிட்டே, என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; இம்முறை வண்டல் செய்த வேலை அன்று.

பழைய துறைமுகத்தில் மரத்தோணிகள் முற்றும் ஒழியவில்லை. பாய்க்குப் பதில் எஞ்சின் வைத்துக்கொண்டு, காய்கறியும் செங்கலும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கும் மாதங்களில் கரையில் நின்று பழுது பார்த்துக்கொள்கின்றன. பஞ்சு பிரஸ்ஸில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற, வத்திராயிருப்புப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மாலையில் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருப்பார். தோட்டமும் வீடும் சும்மா கிடக்கையில் ஏன் ஊர் திரும்பவில்லை என்று கேட்டேன். தூத்துக்குடிக்காரர் ஆகிவிட்ட அடையாளமாக என்னை அண்ணாச்சி என்று அழைத்து அவர் சொன்னார்: "நம்ம ஊர்ல போயி உக்காந்தா, மல மேல மேகம் இருக்கா இல்லையான்னு ஒரே பேச்சுதான், அண்ணாச்சி. இங்கன இருந்தா, மாலியில வெங்காயம் என்ன விலன்னு கேட்டுக்கிடலாம்லா. நான் வெங்காய யாவாரம் பண்ணலதான். இருந்தாலும் கேட்டுக்கிடலாம்லா."